மூடாத அமர்வு

"கறுப்பா இருக்கு மேடம்" என்றார் சிட்னிக்காரர். "சத்தமெல்லாம் கேக்குது. அம்மா பேசுறது கேக்குது, அடுப்படியில குக்கர் விசில் கேக்குது. கண்ணைத் திறந்தா மட்டும் கறுப்பு."

"ஒரு தடவை மூடிட்டுத் திறந்து பாத்தீங்களா சார்?"

"கண்ணையா?"

"இல்ல சார், இணைப்பை."

"எத்தனை தடவைதான் பாக்குறது? போன வாரம் உங்க ஆளு ஒருத்தரும் இதையேதான் சொன்னார்."

ஜெசிந்தா வழக்கமான வரிசையில் கேட்டுக்கொண்டே போனாள். தலைப்பட்டை நெற்றியில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா? கடவுச்சொல்லைச் சமீபத்தில் மாற்றினீர்களா? வீட்டில் வேறு யாராவது அதே இணையத்தில் படம் பார்க்கிறார்களா? பெரும்பாலான புகார்கள் இந்தக் கேள்விகளிலேயே கரைந்துவிடும். இது கரையவில்லை.

"அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'ஏண்டா சுவத்தையே பாக்குற, என்னைப் பாக்கப் பிடிக்கலையா'ன்னு கேக்குறாங்க" என்றார் சிட்னிக்காரர். "நான் என்ன பதில் சொல்லட்டும்?"

திருச்சி விமான நிலையத்தைத் தாண்டி, புதுக்கோட்டைச் சாலையில் இருந்தது 'அண்மை' நிறுவனம். அது விற்றது ஒரே ஒரு பொருளை: பக்கத்தில் இருப்பதை. வெளிநாட்டில் இருக்கும் மகன் தலையில் ஒரு பட்டையை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினால், உறையூரிலோ ஸ்ரீரங்கத்திலோ இன்னொருவர் உடம்பில் கண் விழிப்பான். அந்தக் கண்ணால் பார்ப்பான். அந்தக் கையால் தாயின் காலுக்குத் தைலம் தேய்ப்பான். உடம்பைக் கொடுத்தவர் அந்த நேரம் முழுக்க உள்ளே எங்கோ ஒதுங்கிப் படுத்திருப்பார். ஒரு காலத்தில் அலுவலகக் கணினியை வீட்டில் உட்கார்ந்து இயக்கினார்களே, ஏறக்குறைய அதே ஏற்பாடு. அந்தப் பக்கம் கணினிக்குப் பதில் ஆள், அவ்வளவுதான். நிறுவனம் அந்த ஆட்களை 'முனையம்' என்று குறிப்பிட்டது. ஊர் 'கூடு' என்றது. கூடு விட்டுக் கூடு பாய்ந்த சித்தர்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்த ஊர், வேறு சொல்லைத் தேடிப் போகவில்லை.

"எந்த முனையம் சார் உங்களுக்கு வருது? உங்க கார்டுல நம்பர் இருக்கும்."

அவர் எண்ணைச் சொன்னார். ஜெசிந்தா அதைத் தட்டெழுதவில்லை. அந்த எண் அச்சிட்ட சாம்பல் நிறச் சட்டையைத் தினமும் காலையில் கொடியிலிருந்து உருவி, தம்பி பெலிக்ஸிடம் கொடுப்பவள் அவள்தான்.

*

பெலிக்ஸுக்கு முப்பத்தொரு வயது. பாலக்கரை வீட்டில் அக்காவும் தம்பியும் மட்டும்தான். பேருந்தில் உட்கார இடம் கிடைத்தால், நிற்பவர்களில் யாருக்கு அதைக் கொடுக்கலாம் என்று உட்காரும்போதே தேடுகிற ரகம் அவன். "நீ பொறந்ததே எழுந்து நிக்கத்தான்டா" என்று ஜெசிந்தா திட்டுவாள். அதற்கும் சிரிப்பான். 'அண்மை'யில் ஆள் எடுக்கிறார்கள் என்று சொல்லி அவனைச் சேர்த்துவிட்டவளும் அவள்தான். அவளுக்குத் தெரிந்து இந்த வேலைக்கு அவனைவிடப் பொருத்தமான ஆள் யாருமில்லை.

சேர்ந்த புதிதில் சாப்பிடும்போது கதை சொல்வான்.

"உள்ள படுத்திருக்கிறப்ப எப்படிடா இருக்கும்?"

"பக்கத்து ரூம்ல யாரோ பேசிட்டு இருப்பாங்க. நாம பாதித் தூக்கத்துல இருப்போம். அது மாதிரிக்கா. உறையூர்ல ஒரு உம்மா இருக்காங்க. அவங்க மகன் வந்தா, பேசவே மாட்டாங்க. சும்மா தலையைக் கோதிவிடுவாங்க. என் தலைதான். ஆனா எனக்கு இல்ல." கொஞ்சம் யோசித்துவிட்டு, "இருந்தாலும் நல்லாத்தான் இருந்துச்சு" என்றான்.

அவர்களுடைய தாய் இறந்தபோது அவன் பள்ளியில் இருந்தான்.

கடந்த சில வாரங்களாக அவன் கதை சொல்வதில்லை. காப்பியைச் சர்க்கரை இல்லாமல் குடித்தான். செய்தித்தாளைப் படித்துவிட்டு நான்காக மடித்துத் தலையணைக்கடியில் வைத்தான். இல்லாத மூக்குக்கண்ணாடியை விரலால் மேலே தள்ளினான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் குழாயடிக்குப் போய்க் கை, முகம், கால் கழுவிக்கொண்டு வந்தான். பங்குத் தந்தை வேடிக்கையாகப் பார்த்தார். அன்று மதியம் சோறு போட்டுக்கொண்டே ஜெசிந்தா கேட்டாள்: "என்னடா ஆச்சு உனக்கு?"

"ஒண்ணுமில்ல லாத்தா" என்றான்.

லாத்தா. முஸ்லிம் வீடுகளில் அக்காவை அழைக்கும் சொல். அவன் கிண்டல் செய்கிறான் என்று எண்ணிக்கொண்டாள். எண்ணிக்கொள்ள விரும்பினாள் என்பதுதான் சரி.

சிட்னிக்காரரின் அழைப்பை நிறுத்தி வைத்துவிட்டுக் கீழ்த்தளத்துக்குப் போனபோது, பெலிக்ஸ் ஒப்படைப்பு அறையில், உடம்பைக் கைமாற்றும் சாய்வு நாற்காலியில் தனியாக இருந்தான். அப்போது அவனுக்குள் யாரும் இணைந்திருக்கவில்லை. சுவரில் இணைப்பு விளக்கு அணைந்திருந்தது.

"பெலிக்ஸ்."

அவன் திரும்பவில்லை. தோளைத் தொட்டாள்.

"உன் பேர் என்ன, சொல்லு."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு தன் சட்டையில் இருந்த பெயர்ப்பட்டியைப் பார்த்தான். "பெலிக்ஸ்" என்று படித்தான்.

*

தணிகாசலம் அந்தக் கட்டடத்தின் மூத்த பொறியாளர். எதைக் கேட்டாலும் முதலில் கொட்டாவி விடுவார். பெலிக்ஸின் முனையத்தைத் திரையில் திறந்ததும் விட ஆரம்பித்த கொட்டாவியைப் பாதியில் நிறுத்தினார்.

"என்ன சார்?"

"ஒரு நேரத்துல ஒரு செஷன்தானே இருக்கணும். இங்க ஒரு கூட்டமே உக்காந்திருக்கு." ஒவ்வொரு வரியாக விரல் வைத்தார். எல்லா வரிகளிலும் ஒரே சொல் இருந்தது: துண்டிக்கப்பட்டது. "துண்டிச்சிருக்காங்க. ஆனா யாரும் வெளியேறல. ரெண்டும் ஒண்ணு இல்ல மேடம். பழைய காலத்துல ஆபீஸ் கம்ப்யூட்டரை வீட்டுலேர்ந்து பாத்துட்டு, ஓரத்துல பெருக்கல் குறியைத் தட்டி ஜன்னலை மூடிட்டுப் போயிடுவாங்க. அவங்க மூடிட்டதா நினைப்பாங்க. அங்க எல்லாம் திறந்தேதான் கிடக்கும். அதே சமாச்சாரம்."

"ஆள் சிட்னியில இருக்கார். அவர் எப்படி சார் இங்க உக்காந்திருப்பார்?"

"நெட் ஒரு நொடி நின்னா, தூக்குன கை அந்தரத்துல நிக்கும். அம்மாவுக்குச் சூடா கஞ்சி ஊட்டுற நேரத்துல நின்னா என்ன ஆகும்? அதனால வர்றவரோட பழக்கம், ஞாபகம், பேச்சு எல்லாத்துலயும் ஒரு நகல் கூட்டுக்குள்ள எடுத்து வச்சிடுவோம். லைன் போனாலும் நகல் சமாளிச்சுக்கும். அவர் வெளியேறினா நகல் அழிஞ்சிடும். துண்டிச்சா மட்டும் அப்படியே இருக்கும், அடுத்த தடவைக்கு." தணிகாசலம் கன்னத்தைச் சொறிந்தார். "இவ்வளவு பேர் உள்ள இருந்தா படம் காட்ட இடம் ஏது? அதான் கறுப்பு. அது சரி, ஏன் ஒருத்தர்கூட வெளியேறல? சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தைதானே."

இன்னொருவர் உடம்புக்குள் இருக்கும்போது அழுத்துவதற்குப் பொத்தான் இருக்காது. அதனால் எல்லாம் வாய்ச்சொல்தான். ஒவ்வொரு மொழிக்கும் ஒரு சொல்லை எங்கோ ஓர் ஊரில் உட்கார்ந்து தீர்மானித்திருந்தார்கள். அகராதியைப் பார்த்துத் தீர்மானித்திருக்க வேண்டும்.

ஜெசிந்தா பதிவான வருகைகளின் கடைசி நிமிடங்களை ஒவ்வொன்றாகக் கேட்டாள். எல்லாமே தம்பியின் குரல். ஒவ்வொன்றும் வேறு ஆள்.

"அப்ப நான் போயிட்டு வரேன்ம்மா."

"உம்மா, போயிட்டு வரேன்."

"வரேன்ப்பா. கதவைச் சாத்திக்கோங்க."

"சரி அத்தை, வரட்டுமா?"

அவள் காதுக்கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"வெளியேற என்ன சார் சொல்லணும்?"

"போறேன்."

"போயிட்டு வரேன்னு சொன்னா?"

"திரும்பி வருவார்னு அர்த்தம். செஷனைத் திறந்து வைக்கும்." சொல்லி முடிக்கும்போதே தணிகாசலத்தின் முகம் மாறியது. அவரும் அன்று காலை வீட்டில் மனைவியிடம் அதைத்தான் சொல்லிவிட்டு வந்திருந்தார். எண்பது வயதுத் தாயின் வாசலில் நின்று 'போறேன்' என்று சொல்ல எந்த மகனுக்கும் வாய் வராது. யாராவது வாய் தவறிச் சொன்னாலும், 'போறேன்னு சொல்லாதடா, வரேன்னு சொல்லு' என்று உள்ளிருந்து குரல் வரும். இந்த ஊர்ப் பிள்ளைகளில் ஒருவர்கூடத் தன் அமர்வை மூடியிருக்க வாய்ப்பில்லை.

"பெலிக்ஸ் எங்க சார் இருக்கான், இதுல?"

தணிகாசலம் நடுவில் ஒரு வரியைக் காட்டினார். மற்றவை போலவே அதுவும் துண்டிக்கப்பட்டது. தினமும் உடம்பை ஒப்படைக்கும்போது அவனும் அதே மரியாதையோடு சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறான். சொந்த வீட்டில் வரிசையில் நிற்கும் ஒருவனாகிவிட்டிருந்தான்.

*

அன்று மாலைக்குள் முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தார்கள். ஒவ்வொரு வாடிக்கையாளரும் மறுபடி ஒருமுறை இணைந்து, ஆளில்லாத அறையில் அந்தச் சொல்லைச் சொன்னால் போதும்.

சிட்னிக்காரர் தயங்கினார். "அம்மாகிட்டச் சொல்ல வேண்டாம்ல?"

"வேண்டாம் சார். சுவத்துக்கிட்டச் சொன்னாப் போதும்."

சொன்னார். பத்து நிமிடம் கழித்துத் திரும்ப அழைத்தார். "மேடம், அம்மாவுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

ஒரு பெண், சொல்லி முடித்ததும் தன் வாயிலேயே தட்டிக்கொண்டு "தூ தூ" என்றாள். ஒருவர், சொல்லவே மாட்டேன் என்று சண்டை போட்டு, மேலதிகாரியைக் கேட்டு, கடைசியில் தொண்டைக்குள் முனகினார், கருவி ஏற்றுக்கொண்டது. ஒவ்வொரு வரியாக மறைந்தது. கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று பெலிக்ஸ். இன்னொன்று இத்ரீஸ், கடலில் எண்ணெய்த் தளம் ஒன்றில் மின்பணியாளர், தாயார் உறையூரில்.

இத்ரீஸின் எண்ணை எடுத்தது ஒரு பெண் குரல். அவருடைய மனைவி. "அவங்க மவுத்தாயிட்டாங்க" என்றாள். "நோன்புக்கு முந்தி. தளத்துலயே, நெஞ்சு வலி. கணக்கை மூடச் சொல்லி அப்பவே உங்களுக்கு எழுதிட்டேனே?"

கணக்கு மூடப்பட்டிருந்தது. அமர்வு மூடப்படவில்லை.

"இப்ப என்ன சார் பண்றது?"

தணிகாசலம் இத்ரீஸின் வரியில் விரலை வைத்தார். "வெளியில ஆள் இருந்தா உள்ள வந்து சொல்லலாம். இவருக்கு வெளியில ஆளே இல்ல. உள்ள இருக்கிற நகல் தன் வாயால சொன்னாத்தான் உண்டு. அது மட்டும்தான் இப்ப அவர்."

"ரெண்டு பேரும் இருந்துட்டுப் போகட்டுமே?"

"முடியாது மேடம். கறுப்பு போச்சு, சரி. ஆனா ஒரே கையை ரெண்டு பேர் தூக்கப் பாக்குறாங்க. நேத்து நாற்காலியிலேயே வலிப்பு வந்திருக்கு, டாக்டர் சொன்னார். ஒண்ணு ரெண்டு தாங்கும். அப்புறம் மூளையில ரத்தம் கசியும்." குரலைத் தாழ்த்தினார். "திங்கக்கிழமை மேலேயிருந்து மொத்தமாத் துடைக்கச் சொல்லியிருக்காங்க. உடம்புக்குச் சொந்தக்காரன் யாரு, வந்தவன் யாருன்னு துடைக்கிற கருவிக்குத் தெரியாது. துண்டிக்கப்பட்டதை எல்லாம் அழிச்சிடும்."

ஜெசிந்தா கீழே போனபோது நாற்காலி காலியாக இருந்தது. பெலிக்ஸ் வேலை முடிந்து கிளம்பிவிட்டான் என்றார்கள். வீட்டுக்குப் போகும் பேருந்தில் அல்ல, உறையூர் பேருந்தில்.

*

இத்ரீஸின் தாயார் ஹலீமா பீவியின் வீடு உறையூரில் ஒரு முட்டுச்சந்தின் கடைசி. கதவு திறந்திருந்தது. கூடத்தில் பெலிக்ஸ் சம்மணமிட்டு உட்கார்ந்து, பழைய மேசை மின்விசிறி ஒன்றைப் பிரித்துப் போட்டு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு வீட்டில் பல்பு மாற்றக்கூட வராது.

"வாங்க லாத்தா" என்றான், தலை நிமிராமல்.

"அக்காவா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார் ஹலீமா பீவி. மெலிந்த உருவம், உரத்த குரல். "உட்காரும்மா. நாகூர்லேர்ந்து இந்த ஊருக்கு வந்து எத்தனையோ வருசமாச்சு, இன்னும் ஒரு ஈ காக்கா இந்த வீட்டுக்கு வர்றதில்ல. தேயிலை போடட்டா? டேய், கரண்டு இருக்கிறப்ப அதுல கை வைக்காதேன்னு சொன்னேன்ல."

"பிளக்கைப் பிடுங்கிட்டேன் உம்மா."

"பிடுங்குனியா, பாத்தியா?"

"பாத்துட்டேன்."

ஜெசிந்தா அவரைப் பின்தொடர்ந்து அடுப்படிக்குப் போனாள். எப்படிச் சொல்வது என்று பேருந்தில் யோசித்து வைத்த வாக்கியங்கள் எதுவும் உதவவில்லை.

"உங்க மகன் தவறிட்டாரு, அது உங்களுக்குத்..."

"தெரியும்." பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றினார். "மருமக போன் பண்ணினா. மவுத்துச் செய்தி ஊரெல்லாம் சொல்லியாச்சு, பாத்திஹா ஓதியாச்சு. நான் என்ன கிறுக்கச்சியா? அது அடுத்தவ புள்ளைன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் எப்படி..."

"கடைசியா வந்தன்னைக்கு வாசல்ல நின்னு, 'போயிட்டு வரேன் உம்மா'ன்னுதான் சொன்னான். ஒரு வெள்ளிக்கிழமை கதவு தட்டுற சத்தம் கேட்டுச்சு. திறந்தா இவன் நிக்கிறான். 'உம்மா, ஃபேன் ஓடுதா'ன்னு கேட்டான். போன தடவை அதைச் சரி பண்ணித் தரேன்னு சொல்லியிருந்தான்." தேயிலையைப் போட்டார். "சொன்னான், வந்தான். நான் எப்படிம்மா கதவைச் சாத்துவேன்?"

கூடத்தில் ஏதோ விழுந்தது. ஓடிப் போய்ப் பார்த்தபோது பெலிக்ஸ் ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தான். வலது கை தரையில் வெட்டி வெட்டி இழுத்தது. ஹலீமா பீவி அவன் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். அடங்கும்வரை கோதிக்கொண்டே இருந்தார்.

ஜெசிந்தா அவன் பாதங்களைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "இப்படியே விட்டா என் தம்பி செத்துடுவான்மா" என்றாள். "ரெண்டு பேருமே போயிடுவாங்க."

ஹலீமா பீவி அவன் நெற்றி வேர்வையை முந்தானையால் துடைத்தார். மின்விசிறியின் இறக்கைகள் தரையில் வரிசையாகக் கிடந்தன.

"கூட்டிட்டுப் போ" என்றார் கடைசியில். "ஆனா அந்தச் சொல்லைச் சொல்லச் சொல்லி என்னைக் கேக்காதே. என் வாயில வராது."

*

மறுநாள் சனிக்கிழமை. அலுவலகத்தில் பாதி நாற்காலிகள் காலி. ஒப்படைப்பு அறையின் ஜன்னல் வழியே வெயில் தரையில் சதுரமாக விழுந்திருந்தது. பெலிக்ஸ் நாற்காலியில், தணிகாசலம் திரைக்கு முன்னால், ஜெசிந்தா ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டுத் தம்பியின் எதிரே.

"எப்படி சார் தெரியும், யார் சொல்றாங்கன்னு?"

"கருவிக்கு அது தெரியாது. யார் பேசுறாங்களோ அவங்க செஷன் மூடிக்கும். நீங்க அவரை முன்னாடி வரவச்சுப் பேசுங்க. பேர் சொல்லிக் கூப்பிடுங்க."

"இத்ரீஸ்."

"சொல்லுங்க லாத்தா." உடனே பதில். ஒற்றை விரல், இல்லாத கண்ணாடியை மேலே தள்ளியது.

"உங்ககிட்ட ஒரு உதவி கேக்கணும். ஒரே ஒரு வார்த்தை. போறேன்னு சொல்லணும்."

அவன் சிரித்தான். "அது எதுக்கு? அப்படிச் சொல்லப்படாது லாத்தா. உம்மா தனியா இருக்கா."

"உம்மா இங்க இல்ல."

"இல்லாட்டி என்ன? சொன்னது சொன்னதுதானே." பிறகு தயங்கி, "ஃபேனை வேற பாதியில போட்டுட்டு வந்திருக்கேன்" என்றான்.

அவள் தணிகாசலத்தைப் பார்த்தாள். அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பகுதிக்கு வழிகாட்டிக் குறிப்பு எதுவும் கிடையாது.

"தம்பி, உங்களுக்குக் கடைசியா என்ன ஞாபகம் இருக்கு?"

"உம்மா வீட்டு வாசல்."

"அதுக்கப்புறம் தளத்துல?"

அவன் யோசித்தான். நெற்றி சுருங்கியது. நகலில் அதற்கப்புறம் எதுவும் இருக்க வழியில்லை.

"அதுக்கப்புறம் நீங்க மவுத்தாயிட்டீங்க" என்றாள் ஜெசிந்தா. "நெஞ்சு வலி. உங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும். உங்க உம்மாவுக்கும் தெரியும். இது உங்க உடம்பு இல்ல. இது என் தம்பி. பேர் பெலிக்ஸ். அவன் உள்ள இருக்கான். அவனுக்கு எழுந்திருக்க இடம் இல்ல."

அவன் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நகங்களைப் பார்த்தான். வெகுநேரம். பிறகு கண்களை மூடிக்கொண்டான். கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. யாருடையது என்று சொல்ல முடியாது.

"உம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டான், கண்ணைத் திறக்காமல்.

"தெரியும்."

"தெரிஞ்சும் கதவைத் திறந்தாளா?"

"திறந்தாங்க."

 வலது கை நாற்காலியின் கைப்பிடியில் லேசாகத் துடிக்க ஆரம்பித்தது. தணிகாசலம் எழுந்து நின்றார். "மேடம், சீக்கிரம். மறுபடி வலிப்பு வரப் போகுது."

அவள் அந்தக் கையை இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்தாள். சின்ன வயதில் ஊசி போடும்போது பிடித்துக்கொள்வது போல. "சொல்லு" என்றாள். தான் மரியாதையை விட்டுவிட்டதை அவள் கவனிக்கவில்லை. "சொல்லுடா. ஒரு வார்த்தைதான். போறேன்னு சொல்லு. நான் சொல்றேன்ல?"

கை மெல்ல அடங்கியது. உதடுகள் பிரிந்தன. குரல் வந்தபோது அது பக்கத்து அறையிலிருந்து, பாதித் தூக்கத்திலிருந்து வருவது போல இருந்தது.

"போறேன்க்கா."

திரையில் ஒரு வரி மறைந்தது.

"அப்பாடா" என்றார் தணிகாசலம். "முடிஞ்சுது மேடம். ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. சுத்தமா இருக்கு, பாருங்க." அவர் முகத்தில் நேற்றிலிருந்து இல்லாத வெளிச்சம். எஞ்சிய வரி யாருடையது என்று பார்க்காமலேயே, முனையம் சீராக இயங்குகிறது என்று பதிந்தார். சிட்னிக்காரரின் புகாருக்கு எதிரே 'தீர்க்கப்பட்டது' என்று குறித்தார். சொல்லின் கடைசியில் வந்த அந்த 'அக்கா' அவர் காதிலும் விழுந்திருக்கும். தமிழ்நாட்டில் யார்தான் யாரை அக்கா என்று கூப்பிடுவதில்லை?

ஜெசிந்தா பிடித்த கையை விடவில்லை. அது வெதுவெதுப்பாக இருந்தது. நாடி நன்றாக அடித்தது. பாதித் தூக்கத்தில் அவன் எவ்வளவு கேட்டிருப்பான், உறையூர் அடுப்படியில் நடந்த பேச்சு அவனுக்கு எட்டியிருக்குமா, இல்லை, அக்கா சொல்கிறாளே என்று வழக்கம்போலச் சொன்னதைச் செய்தானா என்று அவளுக்குத் தெரியவில்லை. இனித் தெரியவும் வழியில்லை. பேருந்தில் எழுந்து நிற்பவனிடம் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

கண்கள் திறந்தன. முதலில் ஜன்னலைப் பார்த்தன, பிறகு அவளை.

"லாத்தா" என்றான். "உடம்பு லேசா இருக்கு."

*

அவன் எழுந்து நடந்தான். நடையில் இழுப்பு இல்லை. மருத்துவர் வந்து கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்து, எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். ஜெசிந்தா யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் திங்கட்கிழமை துடைத்துவிடுவார்கள். துடைத்தால் எஞ்சியிருக்கும் இதுவும் போய்விடும். பெலிக்ஸ் அதனால் திரும்பி வரப்போவதில்லை.

வாசலில் காவலாளி கதவைத் திறந்து பிடித்தார். அவன் வெயிலில் இறங்கவில்லை. படியில் நின்று திரும்பினான். தம்பியின் முகம், தம்பியின் காது மடல், சாம்பல் சட்டையில் தம்பியின் எண். இடது தோள்பட்டையில் சட்டை மடிந்திருந்தது. காலையில் அவள்தான் எடுத்துக் கொடுத்தாள், சரியாகத் தேய்க்கவில்லை.

"ஃபேனை மாட்டிடுறேன்" என்றான். "உம்மா வேர்வையில உக்காந்திருப்பா."

அவள் தலையசைத்தாள்.

"போயிட்டு வரேன் லாத்தா."

சொல்லிவிட்டு அங்கேயே நின்றான். பதில் வராமல் படியிறங்கும் வழக்கம் இந்த ஊரில் யாருக்கும் இல்லை. காவலாளி கதவைப் பிடித்தபடி காத்திருந்தார். குளிர்ந்த காற்று வெளியே போய்க்கொண்டிருந்தது.

தினமும் காலையில் பாலக்கரை வீட்டு வாசலில், கையிலிருக்கும் வேலையை விடாமல், திரும்பிப் பார்க்காமல் அவள் சொல்லும் இரண்டு சொற்கள் தொண்டை வரை வந்தன. அவற்றில் ஒன்றை மாற்ற வேண்டியிருந்தது.

"போயிட்டு வாங்க" என்றாள்.